சுகருக்குச் சின்பயாடிக் பாக்கெட் கேட்டு வருகிறவர்களுக்கு

ஒத்தக்கடையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். குடலுக்கு நல்ல கிருமியையும் அதன் தீனியையும் கலந்து தருகிற பாக்கெட்தான் சின்பயாடிக். முன்பெல்லாம் இது வயிற்றுப்போக்குக்குத்தான் போகும், இல்லையென்றால் ஆன்டிபயாடிக் சீட்டோடு சேர்ந்து வரும். இப்போது சுகர்காரர்களும் கொழுப்பு கூடியவர்களும் கேட்கிறார்கள். யூடியூப் வேலையாகத்தான் இருக்கும்.

போன வாரம் நரசிங்கம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். "தம்பி, இதைக் குடிச்சா சுகர் மாத்திரையை நிறுத்திரலாமாமே?"

"அதை மட்டும் செஞ்சிராதீங்கக்கா" என்று சொல்லி, பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன். லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம் என்று வரிசையாக நல்ல கிருமிகளின் பெயர்கள், பக்கத்தில் எத்தனை கோடி என்ற கணக்கு, கடைசி வரியில் எஃப்.ஓ.எஸ். என்ற நார்ச்சத்து. அந்தக் கடைசி வரி இல்லையென்றால் இது வெறும் புரோபயாடிக், அதாவது நல்ல கிருமி மட்டும். வேலையாளையும் அவருக்குக் கட்டுச்சோற்றையும் சேர்த்து அனுப்புகிற மாதிரி, நல்ல கிருமியோடு அதன் தீனியும் உள்ளே இருக்கிறது.

எஃப்.ஓ.எஸ். சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலில் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களை உண்டாக்கும். இவை ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரப்பைத் தூண்டும். அது இன்சுலினுக்குக் கை கொடுக்கும். சுகருக்கு இதனோடு உள்ள முக்கியமான சம்பந்தம் அதுதான். ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் உண்டு, அசையாமல் நின்றதும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோடு துணைக்கு வரலாம், அதன் இடத்துக்கு வர முடியாது.

"அப்ப பழைய சோறும் சின்ன வெங்காயமும் இதுதானே?" என்றார் அக்கா. சரியான கேள்வி! நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா, வெங்காயத்தில் அதற்கேற்ற நார்ச்சத்து. ஆனால் 2020-ல் அறிவியலாளர்கள் வகுத்த வரையறைப்படி, அந்தக் கலவையால் நன்மை என்று சோதித்துக் காட்டினால்தான் சின்பயாடிக் என்று சொல்லலாம். அக்காவுக்கு வரையறை எதற்கு? அளவைத்தான் சொன்னேன். புளித்தாலும் சோறு சோறுதான், கும்பா நிறையச் சாப்பிட்டால் சுகர் ஏறும். தொட்டுக்கொள்ள ஊறுகாய், மோர்மிளகாய் என்று போனால் பிரஷரும் கூடவே வரும்.

அப்புறம், பாக்கெட்டை வெந்நீரிலோ காபியிலோ கலக்காதீர்கள், கிருமி செத்துப்போகும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்கள். ஆரம்பத்தில் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பயப்பட வேண்டாம். கீமோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் போட்டுவிட்டு மாட்டுத்தாவணி வரை சுற்றி வருகிறவர்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.