சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டிய அண்ணன் ஒருவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தை, குடிபோதையில் ஓட்டியதற்காக நீதிமன்றம் இரண்டாவது தடவையும் இடைநிறுத்தியது. லயத்து வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்ற அந்த ஆட்டோ ஒரு மாதம்கூட அப்படியே நிற்கவில்லை. பொலிஸார் நிற்காத, கொழுந்து லொறி போகும் உள்பாதையில் அது இரவில் ஓடத் தொடங்கியது. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான்.

தடை விதித்தாலும் பலர் ஓட்டவே செய்கிறார்கள் என்பதை அமெரிக்க மாநிலங்கள் முன்பே கண்டுகொண்டன. அதனால்தான் அங்கே பல மாநிலங்களில், திரும்பத் திரும்பப் பிடிபட்டவருக்கும் ஒரு காலத்துக்குப் பின், வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போய்வர மட்டும் வரையறுத்த அனுமதி கிடைக்கிறது. பெரும்பாலும் அதற்கு நிபந்தனை, வாகனத்தில் பொருத்தும் ஒரு சிறு கருவி. சாரதி அதில் ஊத வேண்டும். மூச்சில் மது தெரிந்தால் இயந்திரம் உயிர்பெறாது. ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும், ஒவ்வொரு பரிசோதனையையும் பதிந்து வைக்கும். நியூ மெக்சிகோ 2005இலேயே, முதல் தடவை தண்டனை பெற்றவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. கருவி இருக்கும் வரை மீண்டும் பிடிபடுவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்றும், கழற்றிய பின் அந்தப் பலன் பெரிதும் தேய்ந்துவிடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே குடிநோய்க்கான சிகிச்சையும் கூடவே வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்டத்தின் எல்லை. ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமாக, பனிமூட்டம் இறங்கும் கினிகத்தேனை வளைவுகளில் அதுவே அதிகம் என்பேன். இருமுறை தவறியவருக்குத் துளி மதுவும் கூடாது. இந்தக் கருவியைப் பொருத்தி, தம் குடும்பத்தை ஏற்றிச்செல்ல அனுமதி தரலாம். பாடசாலைப் பிள்ளைகளையோ கூலிக்கு வரும் பயணிகளையோ ஏற்றத் தரவே கூடாது. பிழைப்பு போகும் என்ற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை, ஆனாலும் அந்த இடத்தில் நான் இளக மாட்டேன். அமெரிக்காவில் கருவியின் மாதச் செலவைப் பெரும்பாலும் குற்றவாளியே கட்டுகிறார். தோட்டச் சம்பளக் குடும்பத்தால் அது முடியாது, அரசு பொறுப்பேற்க வேண்டும்.

இப்போது அந்தக் கருவியின் வேலையை அந்த ஆட்டோ அண்ணனின் மனைவிதான் செய்கிறார். தார்ப்பாய் விலகும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, கணவரின் வாயை முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் தருவார். தர மறுத்த ஓர் இரவுக்கு மறுநாள், மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நின்றார் அந்த அக்கா.