காதல் காட்சிகளின் பின்பக்கம்

ஐரோப்பிய ஏல நிறுவனம் ஒன்றின் 19ஆம் நூற்றாண்டு ஓவியப் பிரிவில் விவரப்பட்டியல் எழுதுவது என் வேலை. விற்பனைக்கு வரும் ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஓவியர் பெயர், தலைப்பு, அளவு, எதன்மீது வரையப்பட்டது, இதுவரை யார் யார் கையில் இருந்தது ஆகிய விவரங்களை ஒரு பக்கத்துக்குள் அடக்கித் தர வேண்டும். எங்கள் பிரிவுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் ஒரு வகை உண்டு. முழ நீளத்துக்கும் குறைவான மரப்பலகையில், பட்டுக் கோட்டும் முக்கோணத் தொப்பியும் அணிந்த கனவான் ஒருவன், விசிறியால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான். ஸ்பானியர்கள் இவற்றைக் கஸகோன் ஓவியங்கள் என்பார்கள். கஸகோன் என்பது 18ஆம் நூற்றாண்டு ஆண்கள் அணிந்த நீண்ட கோட்டு. இவை பெரும்பாலும் 1860களிலும் அடுத்து வந்த சில பத்தாண்டுகளிலும் வரையப்பட்டவை. காட்டுவதோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய உலகத்தை.

வேலையில் சேர்ந்த புதிதில், மூத்த சகப் பணியாளர் ஒருவர் இவற்றை என்னிடம் தள்ளிவிட்டார். அதில் தண்டனையின் சாயல் இருந்தது. கலை வரலாறு படித்தவர்கள் இத்தகைய ஓவியங்களை மதிப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர்கள் மனேயும் மோனேயும் தெருவையும் வெயிலையும் வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பழைய சட்டைகளை மாட்டிக் காதல் நாடகம் போட்டவர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த மதிப்பீடு முற்றிலும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் உடையைக் கூர்ந்து பார்ப்பதே பிழைப்பாகிவிட்ட பிறகு, இந்த ஓவியங்கள் காதலைப் பற்றியவை என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது.

உடையிலிருந்தே தொடங்குகிறேன். 1766இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸின் அமைச்சர் எஸ்கிலாச்சே, மாட்ரிட் நகரத்து ஆண்கள் நீண்ட மேலங்கியும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணியக் கூடாது, குட்டை அங்கியும் முக்கோணத் தொப்பியுமே அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். அதை எதிர்த்து நகரமே கலவரத்தில் இறங்கியது. இதை அறிந்த கண்ணுக்கு முக்கோணத் தொப்பி வெறும் அலங்காரமாகத் தெரியாது. எந்தத் தொப்பியை அணிந்தான் என்பது, அன்றைய மாட்ரிட்டில், எந்தப் பக்கம் நின்றான் என்பதையும் காட்டியிருக்கும். நூறாண்டு கழித்து வரைந்த ஓவியருக்கோ இந்தப் பூசல் எதுவும் பொருட்டில்லை. 1760களின் கோட்டு அணிந்தவனுக்கு எதிரே 1800ஐ ஒட்டிய உயர்ந்த இடைக்கட்டுக் கவுன் அணிந்தவள் அமர்ந்திருப்பாள். அவள் தலையில், 19ஆம் நூற்றாண்டில்தான் பெரும் மோகமாகப் பரவிய உயரமான சீப்பும் அதன்மேல் கறுப்பு லேஸ் முக்காடும் இருக்கும். நாடகக் கம்பெனியின் உடைப்பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டதுபோல இருக்கும். ஓவியர்களின் பட்டறைகளில் அப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கவே செய்தன. பழந்துணி, லேஸ், வாள், பீங்கான் ஆகியவற்றைத் தேடி வாங்குவது அவர்களுடைய தொழிலின் ஒரு பகுதி. இந்த வகையின் தலைமகனான ஸ்பானிய ஓவியர் மரியானோ ஃபோர்துனி 1874இல் ரோமில் 36 வயதில் இறந்ததும், அவருடைய பட்டறைப் பொருள்கள் மறு ஆண்டே பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. அவருடைய மகன் பின்னாளில் வெனிஸில் துணியும் உடையும் வடிவமைத்துப் புகழ்பெற்றதில் எனக்கு வியப்பே இல்லை.

அடுத்த வேலை பலகையைத் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் எனக்கு அதிகம் பேசும். பலகை செய்த கடையின் முத்திரை, சுங்க அலுவலகத்தின் மெழுகு முத்திரை, கிழிந்த ஒட்டுச்சீட்டு, நீல மெழுகுக்குச்சியில் எழுதிய எண் என்று ஏதாவது இருக்கும். பாரிஸின் ஓவிய வணிக நிறுவனமான கூப்பிலின் எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1846 முதல் 1919 வரையிலான அந்நிறுவனத்தின் 15 பேரேடுகள் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம். யாரிடம் வாங்கினார்கள், யாருக்கு விற்றார்கள் என்று தெரிந்துவிடும். கூப்பில் ஓவியத்தை விற்றதோடு நிற்கவில்லை. அதன் அச்சுப்படிகளையும் உலகெங்கும் விற்றது. நியூயார்க்கில் அது தொடங்கிய கிளைதான் பின்னர் க்னோட்லர் என்ற பெரிய வணிக நிறுவனமானது. வான் கோ 1869 முதல் 1876 வரை வேலை பார்த்ததும் இதே கூப்பிலில்தான்.

புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும். பின்னாளில் தொட்டுப் பூசிய இடங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும். ஃபோர்துனியின் கையெழுத்து அந்த வார்னிஷுக்கு மேலே மிதந்தால், அது அவர் இட்டதல்ல என்று சந்தேகிப்பேன். அவர் பெயர் அவ்வளவு விலை போயிற்று. அவரைப் பார்த்து வரைந்தவர்களின் பலகைகளிலும் அவர் பெயரை யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

பார்சிலோனாவுக்குப் போய், கதலான் தேசிய கலை அருங்காட்சியகத்தில் ஃபோர்துனியின் புகழ்பெற்ற ஓவியமான 'லா விகாரியா'வை நேரில் பார்த்த பிறகே இந்த வகை எனக்குச் சரியாகப் புரிந்தது. 60க்கு 93.5 சென்டிமீட்டர் அளவுள்ள மரப்பலகை அது. 1867இல் ஃபோர்துனி, மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியக இயக்குநராக இருந்த ஃபெதெரிகோ தெ மத்ராஸோவின் மகள் செசிலியாவை மணந்தார். அந்தத் திருமணத்துக்கான எழுத்து வேலைக்காகத் தேவாலய அலுவலகத்துக்குப் போனபோது தோன்றிய எண்ணம் என்பார்கள். காட்சியை மட்டும் ஒரு நூற்றாண்டு பின்னால் தள்ளிவிட்டார். மாப்பிள்ளை மேசைமேல் குனிந்து கையெழுத்திடுகிறான். மணப்பெண் அவனைப் பார்க்காமல் தோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். வலப்புறம் காளைச்சண்டை வீரன் ஒருவன் தன் துணையோடு சாவகாசமாக அமர்ந்திருக்கிறான். ஆத்மாக்களுக்காகக் காணிக்கை திரட்டும் ஒருவன் தட்டோடு நிற்கிறான். இரும்புக் கிராதி, கணப்புச் சட்டி, புத்தக அலமாரி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பளபளக்கிறது. படத்தின் மையத்தில் காதல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இருந்தது பதிவேடும் பேனாவும்தான்.

1870இல் கூப்பில் இதைப் பாரிஸில் காட்சிக்கு வைத்து 70,000 பிராங்குக்கு மதாம் தெ கஸ்ஸனுக்கு விற்றது. தியோஃபில் கோத்தியே போன்ற விமர்சகர் அதை வானளாவப் புகழ்ந்தார். அதே அருங்காட்சியகத்தில், ஸ்பெயின் மொராக்கோவில் நடத்திய போரை ஒட்டி பார்சிலோனா மாகாண மன்றம் ஃபோர்துனியிடம் வரையச் சொன்ன 'தெத்துவான் போர்' தொங்குகிறது. 3 மீட்டர் உயரம், ஏறத்தாழ 10 மீட்டர் நீளம். அதை அவர் கடைசிவரை முடிக்கவில்லை. அரசு கேட்ட பெரிய வரலாறு முடியாமல் நிற்க, வீட்டுச் சுவருக்கான சிறிய பலகை அவரைப் பணக்காரராக்கியது.

அதன் பிறகு காதல் காட்சி எது வந்தாலும் முதலில் மேசையைத்தான் பார்க்கிறேன். தலைப்புகளை நம்புவதில்லை. வணிகர்கள் ஒவ்வொரு சந்தைக்கும் ஏற்றபடி தலைப்பை மாற்றியிருக்கிறார்கள்; சோகமான தலைப்பு இனிமையாகியிருக்கும், கிண்டல் காதலாகியிருக்கும். ஒரு குடும்பம் தலைமுறைகளாக 'திருமண வேண்டுகோள்' என்று அழைத்துவந்த ஓவியத்தைக் கொண்டுவந்தது. பின்பக்கத்தில் மங்கிய பிரெஞ்சு எழுத்தில் இருந்ததோ 'குத்தகை' என்ற தலைப்பு. மறுபடி முன்பக்கம் திருப்பிப் பார்த்தால், ஆணின் கையில் இருப்பது கடிதம் அல்ல, மடித்த பத்திரம். உரிமையாளருக்கு அதில் வருத்தம்தான். பட்டியலில் இரண்டு தலைப்புகளையும் போட்டேன். பத்திரத்தை முதலில் சொன்னேன்.

ஃபோர்துனியே இந்த வெற்றியால் களைத்துப்போனார் என்பது அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. புகழ் தன்மேல் சுமத்திய இவ்வகைப் படங்கள் தன் உண்மையான விருப்பமல்ல என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். 1874 கோடையில் நேப்பிள்ஸ் அருகே போர்த்திச்சியில் கடற்கரையையும் வெளிச்சத்தையும் வரைந்தார். சில மாதங்களில் இறந்துவிட்டார். இதை வைத்து, கோட்டுகளை வரைந்து வீணானவர், கடைசியில் விடுதலை பெற்றார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உருப்பெருக்கியின்கீழ் அவருடைய பட்டுக் கைமடிப்பு ஒன்றைப் பார்த்தால், தூரத்தில் இழை இழையாகத் தெரிந்த பின்னல் வேலை, அருகில் நாலைந்து தடித்த வண்ணத் தீற்றல்களாக உடைந்துவிடும். லேஸ் என்று எதையும் அவர் வரையவில்லை. வெள்ளையை இழுத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். போலிப் பலகைகளில் இதற்கு நேர்மாறாக ஒவ்வொரு நூலும் எண்ணி வரையப்பட்டிருக்கும். போர்த்திச்சியின் மணலை இழுத்த கை அந்தக் கைமடிப்பிலேயே இருக்கிறது. எனவே, அவர் பெயரோடு வரும் ஒரு பலகையைச் சோதிக்கும்போது நான் முகங்களை விட்டுவிட்டு முதலில் சட்டைக் கைகளுக்குத்தான் போகிறேன்.