‘எல்லாம் ஒன்றுதான்’ என்று முடித்துவிடாமல்

பினாங்கில் ஒரு சிறிய சமூக அமைப்பில் வேலை பார்க்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெவ்வேறு சமயத்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவரவர் வழிபாடு, வழக்கம், மனத்தாங்கல் எல்லாவற்றையும் பேசவைப்பதுதான் எங்கள் வேலை. இதைச் சொன்னதும் பலர் கேட்பது, "பினாங்கில் இதற்கு என்ன தேவை? இங்கேதான் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறார்களே" என்பதுதான்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜார்ஜ்டவுனில் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1818-ல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், இரண்டுக்கும் நடுவில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின்னின் கோயிலும் ஒரே சாலையில் இருக்கின்றன. பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் 1833-ஐச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில். தைப்பூசத்தின்போது ரதம் வரும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காயைக் குவித்துவைத்து உடைப்பார்கள், அதில் பாதிப் பேர் வேண்டுதல் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பாத்திரம் எடுத்துப் போகும் இந்துக் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் திருவிழாவுக்குப் போனால் மெழுகுவத்தி ஏற்ற நிற்கும் வரிசையில் விபூதி பூசிய நெற்றிகளும் இருக்கும்.

ஆனால் இதே பினாங்கில்தான் 1998 மார்ச்சில் கம்போங் ராவாவில் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை ஒட்டிப் பெரிய பதற்றம் ஏற்பட்டு, போலீஸ் வந்து அடக்க வேண்டியிருந்தது. அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பேச்சை எடுத்தால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். சுற்றுப்பயணிகளுக்கு வழி சொல்லிக்கொண்டு அந்தப் பெரிய சாலையில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த வாசலுக்குள் காலடி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அக்கம்பக்கமாக வாழ்ந்தே பழகிவிட்டதால், கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

நம் தமிழர்களிடம், குறிப்பாக இந்துக்களிடம், ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர், "எல்லா மதமும் ஒன்றுதான், எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது" என்று ஆரம்பித்துவிடுவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் எப்படி இருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. ஏக இறைவன் என்பதற்காக ஐந்து வேளை எழுந்து தொழுகிறவரிடம் ‘உங்களுடையதும் எங்களுடையதும் ஒன்றுதான்’ என்றால், அவர் உயிராக நினைப்பதை நாம் லேசாக எடுத்துக்கொண்டதாகத்தான் அவருக்குப் படும். மரியாதைக்காகத் தலையாட்டுவார், அப்புறம் வாயே திறக்க மாட்டார். கூட்டம் இனிமையாக முடியும், எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள், யாருக்கும் யாரைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. பல வருடமாக இந்த வேலையில் இருந்து நான் உறுதியாக நம்புவது இதுதான்: வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்ல இடம் இருந்தால்தான் உரையாடல் நடக்கும்.

அந்த இடத்தை உண்டாக்குவதில்தான் எங்கள் வேலையில் முக்கால்வாசி போகிறது. முதலில் நேரம். வெள்ளி மதியம் ஜும்ஆ, வெள்ளி மாலை அம்மன் கோயில், ஞாயிறு காலை சர்ச். மிஞ்சுவது சனிக்கிழமை, அதிலும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்த பிறகு ஆரம்பித்து, மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குள் முடித்தாக வேண்டும். இடம் எந்த வழிபாட்டுத் தலமாகவும் இருக்கக் கூடாது, குறைந்தது முதல் சில சந்திப்புகளுக்காவது. ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத்தார் சங்கத்தின் மண்டபம் அல்லது கீழ்மாடித் திறந்தவெளி போதும். சாப்பாடு முஸ்லிம் கடையிலிருந்து வரும், அதில் சைவம் கட்டாயம் இருக்கும், மாட்டிறைச்சி இருக்காது.

அப்புறம், யாரும் யாரையும் தன் சமயத்துக்கு அழைக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலேயே சொல்லிவிடுவோம். மலேசியாவில் இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்டது இல்லை. அரசியலமைப்பின் 11-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது; அதே பிரிவின் 4-வது உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்றச் சமயக் கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்ற இடமளிக்கிறது. அதனால் இப்படியொரு கூட்டத்துக்கு வர மலாய்க்காரர்கள் தயங்குவதை நான் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை. ‘இங்கே யாருடைய நம்பிக்கையிலும் கை வைக்க மாட்டோம்’ என்று நம்பவைக்கச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகிறது. சுராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்தின் பொறுப்பாளரிடம் போய், உட்கார்ந்து, தேநீர் குடித்து, அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் மச்சிக் என்று அழைக்கப்படும் மலாய்ப் பெரியம்மா ஒருவரையாவது அழைத்துவர முடியும்.

பெரிய மேடை, மாலை, சமயத்துக்கு ஒரு பேச்சாளர் என்று நடக்கும் நிகழ்ச்சிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தலைவர்கள் ஒன்றாக நிற்பதை மக்கள் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கே ஒருவர் பேச நூறு பேர் கேட்பார்கள். எங்கள் சந்திப்பில் படித்தவர், பாமரர் என்ற பேச்சு கிடையாது, துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம், அந்தச் சமயத்தைச் சேர்ந்த சாதாரண ஆள்தான் பதில் சொல்வார். நீங்கள் சீனர்கள் இறந்தவருக்குக் காகிதக் கார் எரித்தால் போய்ச் சேருமா? நாய் பக்கத்தில் வந்தால் ஏன் ஒதுங்குகிறீர்கள்? கடவுள் ஒருவர் என்கிறீர்கள், அப்புறம் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரா? இப்படித்தான் வரும்.

ஒருமுறை மலாயில் எழுதிய ஒரு சீட்டு வந்தது: ‘நீங்களே செய்த சிலையை நீங்களே எப்படிக் கும்பிடுகிறீர்கள்?’ மண்டபம் கப்சிப் என்று ஆகிவிட்டது. கோபத்தோடு எழுதியதா, தெரிந்துகொள்ள எழுதியதா என்று யாருக்கும் தெரியவில்லை. பூ கட்டி விற்கும் ஒரு அக்கா, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், நான் சொல்கிறேன் என்று கையைத் தூக்கினார். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கைக்குள் அடங்குகிற மாதிரி பிடித்து, மேலே அருகம்புல் சொருகி, பிள்ளையாரே இதில் வந்து உட்காருங்கள் என்று கூப்பிடுவோம் என்றார். சொல்லும்போதே அவர் விரல்கள் மஞ்சளைப் பிடிக்கிற மாதிரியே குவிந்தன. பூசை முடியும்வரை அது சாமி, பூ வைப்போம், பழம் வைப்போம், காலால் மிதித்துவிட்டால் பதறிப்போவோம். முடிந்ததும் கற்பூரம் காட்டி, போய்வாருங்கள் என்று கொஞ்சம் நகர்த்திவைத்து, அப்புறம் அதே மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவோம். "மஞ்சளைக் கும்பிட்டிருந்தா கரைப்பேனா?" என்றார். நான் மலாயிலும், கூட இருந்த தோழி ஹொக்கியனிலும் சொன்னோம்.

கேள்வியை எழுதியவர் தான்தான் என்று ஒரு மச்சிக் அப்போதுதான் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை, அது மாறாது. ஆனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் நினைத்திருந்தது தவறு" என்றார். இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றாக வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர் தன் நம்பிக்கையிலிருந்து இம்மியும் நகரவில்லை, அக்காவும் நகரவில்லை, ஆனால் அடுத்த முறையிலிருந்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு சீன அம்மா, தானும் மாட்டிறைச்சி தொடுவதில்லை, குவான் யின்னைக் கும்பிடுகிறவர்களில் நிறையப் பேர் சாப்பிட மாட்டார்கள் என்றார். ஒரே மாடியில் இத்தனை வருடம் குடியிருந்தும் அது எங்கள் தமிழ்ப் பெண்களில் ஒருவருக்கும் தெரியாது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இதமாக முடியாது, முடியவும் கூடாது என்றே நினைக்கிறேன். இந்திரா காந்தி என்ற மலேசிய இந்துத் தாயின் வழக்கைப் பற்றி, கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா பேச்செடுத்த நாள் அப்படி ஒன்று. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்திக்குத் தெரியாமலேயே கணவர் மூன்று பிள்ளைகளையும் 2009-ல் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார், பால்குடி மறக்காத கடைசி மகளையும் எடுத்துப்போய்விட்டார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29-ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் மகளைக் காணாமல் அவர் வருடக்கணக்கில் காத்திருந்தார். இந்த நாட்டில் இதைக் கேட்டு வயிறு எரியாத இந்துத் தாய் இருக்க மாட்டார். "இதைப் பேசாமல் என்ன ஒற்றுமை?" என்று அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டார். பேச்சை மாற்றிவிடலாமா என்று என் சக ஊழியர் கண்ணாலேயே கேட்டார், நான் வேண்டாம் என்றேன். தமிழ் முஸ்லிம் பாய் ஒருவர் இருந்தார், சூலியா சாலையில் கடை வைத்திருப்பவர். "அம்மா, மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்று குர்ஆனே சொல்கிறது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதை என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்" என்றார். மலாய்க்காரர்கள் யாரும் அன்று வாய் திறக்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்கள். இந்தப் புண்ணை மூடிவைத்துவிட்டுத் தேநீரும் பலகாரமும் பரிமாறிக்கொண்டிருந்தால் அந்த அம்மா மறுபடி வந்திருக்கவே மாட்டார். வந்தார், இன்னும் வருகிறார்.

வெளியில் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் சிக்கல்களில் நிறைய, இனம் விட்டு இனம் போவதே இல்லை, ஒரே தமிழ்க் குடும்பத்துக்குள் இருப்பவை. அண்ணன் கோயில் கமிட்டியில் இருப்பார், தங்கை ஞானஸ்நானம் எடுத்திருப்பார். அம்மாவின் திதிக்கு வந்து, படையல் போட்ட சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்பார். அம்மாவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அண்ணனுக்குக் கோபம். இப்படி ஒரு வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நீங்கள் ஏன் படைக்கிறீர்கள், நீங்கள் ஏன் சாப்பிடுவதில்லை என்று மட்டும் கேட்டோம். அம்மா பசியோடு இருக்கக் கூடாது என்று படைக்கிறேன் என்றார் அண்ணன். விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்று பவுல் எழுதிய நிருபத்தைத் தங்கை சொன்னார், அதோடு அம்மா வைக்கும் புளிக்குழம்பை நினைத்துத் தான் தினமும் அழுவதையும் சொன்னார். யார் பக்கம் சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அண்ணிதான், "படைக்கிறதுக்கு முன்னாலேயே உனக்கு ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுகிறேன், சாப்பிடுவாயா?" என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றார். அடுத்த திதிக்கு அதே அடுப்பில் கொதித்த குழம்பை இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இந்த யோசனையை மற்றக் குடியிருப்புகளிலும் சொல்லிவருகிறோம். கோயில் அன்னதானத்திலும் பூசைக்கு முன்பே தனியாக எடுத்துவைக்கச் சில கமிட்டிகள் சம்மதித்திருக்கின்றன. சில கமிட்டிகள், சாமிக்குக் காட்டாமல் எதையும் வெளியே எடுப்பதில்லை என்று மறுத்துவிட்டன, அதுவும் அவர்கள் உரிமை. எங்களுக்கு இன்னும் கைவராதது வேறு. வேலைக்குப் போகும் ஆண்கள் வருவதே இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைச் சனிக்கிழமை மாலை மண்டபத்துக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? அங்கேயே நேபாள இந்துக்களும் வங்காளதேச முஸ்லிம்களும் நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். அதனால் இனி நாங்கள்தான் அவர்களிடம் போக வேண்டும் என்று முடிவெடுத்து, தொழிற்சாலை நிர்வாகங்களிடம் அனுமதி கேட்க ஆரம்பித்திருக்கிறோம்.