அழிக்க யாருக்கும் கை வராத வட்டம்

செகண்ட் ஆபிசராக நான் போட்ட முதல் பெரிய பயணத் திட்டம் வெல்லிங்டனிலிருந்து பனாமாவுக்கு. சுமார் 6500 கடல் மைல். எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடத் திரை எங்கள் கப்பலுக்கு வராத காலம். காகித சார்ட், 2பி பென்சில், மேஜை முழுக்க ரப்பர்த் துகள். கோட்டை இழுத்துக்கொண்டே வந்தவன், 37 டிகிரி தெற்கு, 151 டிகிரி மேற்குக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஐயாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலின் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு சின்ன வட்டம். மரியா தெரசா ரீஃப், அதாவது கடல் திட்டு. 1843-ல் பார்த்ததாகத் தகவல். ஓரத்தில் 'ஈ.டி.' என்று இரண்டு எழுத்து: அது இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று அர்த்தம்.

"நிஜமாவே இருக்கா சார்?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

"தேடிப் போனவங்க யாரும் பார்க்கல, செகண்ட். அதுக்காக நாம போய் இடிச்சுப் பார்க்க வேணாம். தள்ளிப் போடு."

1843 நவம்பர் 16 அன்று, அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டிலிருந்து வந்த மரியா தெரசா என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டன் டேபர் கொடுத்த தகவல் அது. 1957-ல் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1983-ல் இடத்தைத் திரும்பக் கணக்கிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே தள்ளினார்கள். அங்கும் இல்லை. அதே வட்டாரத்தில் 1878-ல் ஜூபிடர், 1899-ல் வாச்சுசெட், 1902-ல் எர்னஸ்ட் லெகூவே என்று இன்னும் மூன்று கப்பல்கள் ஆளுக்கொரு திட்டைக் கண்டதாகச் சொல்லி, தங்கள் பெயரையும் விட்டுப் போயிருக்கின்றன. வாச்சுசெட் கண்டது ஐந்தாறு பாகம் (சுமார் பத்து மீட்டர்) ஆழத்தில் இருந்ததாம்.

சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே பசிபிக்கில் டோங்காவுக்குத் தென்மேற்கே உள்ள மினர்வா திட்டுகள் நிஜம். கடல் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. 1962-ல் ஒரு டோங்கா படகு அதில் மோதி, தப்பியவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அப்படிப்பட்ட கடலில் தகவலைக் குப்பையில் போட எவனுக்குத் தைரியம் வரும்?

எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் காலத்தில் நடுப்பகல் சூரியனை வைத்து அட்சரேகையை ஓரளவு நம்பிக் குறிக்கலாம். தீர்க்கரேகை கடிகாரத்தைப் பொறுத்தது. குரோனோமீட்டர் என்ற அந்தக் கப்பல் கடிகாரம் நான்கு நொடி தப்பினால் தீர்க்கரேகை ஒரு நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, தப்பும். மாதக்கணக்கில் கரையைக் காணாத திமிங்கிலக் கப்பலில் அது எத்தனை நொடி தப்பியதோ! ஆக, திட்டு இருந்தால் அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டியதில்லை, 37-வது அட்சரேகையில் கிழக்கிலோ மேற்கிலோ எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். என் கோடு வட்டத்தைத் தள்ளிப் போனாலும், கிழக்கே நூற்றுச் சொச்சம் மைலில் அதே அட்சரேகையைக் கடந்தே தீரும். இதைச் சொன்னதும் கேப்டன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பாதுகாப்பா இருக்கணும்னா துறைமுகத்திலேயே இருக்கணும்" என்றார்.

கடந்தது நள்ளிரவுக்குமேல், என் பன்னிரண்டு–நாலு வாட்ச்சில் (காவல் முறையில்). காற்று பலமாக இருந்தது, எங்கும் வெள்ளை நுரை. ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரைப் போட்டேன். சில நூறு மீட்டருக்குமேல் எட்டாத கருவி அது, தாள் வெற்றாகவே ஓடியது. ரெண்டரை மணி வாக்கில் இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் அலை அடுக்கடுக்காக உடைவதுபோல் பட்டது. பைனாகுலரை எடுத்தேன். உப்புத் தண்ணீர் படிந்த கண்ணாடி, துடைத்துவிட்டுப் பார்த்தேன். இன்னும் உடைந்துகொண்டுதான் இருந்தது. ரேடாரில் அலைச் சிதறல் தவிர வேறொன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் பின்னால் போய் இருட்டில் கலந்துவிட்டது.

லாக் புத்தகத்தில் காற்று, கடல், வேகம் எழுதினேன். அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருவேளை என் கப்பல் பெயரிலும் ஒரு புள்ளி வட்டம் வந்திருக்கும். காலையில் கேப்டன் கேட்டபோதும் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொன்னேன்.

கடலடி மலை தன் ஈர்ப்பால் மேலே உள்ள தண்ணீரையும் லேசாக மேடாக்கும் என்பதால், இப்போது செயற்கைக்கோள் அந்த மேட்டை அளந்தே மலையைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஐயாயிரம் மீட்டர் அடியிலிருந்து மேற்பரப்புவரை எழும் மலை அதன் கண்ணுக்குத் தப்பாது.

போன வருடம் ஒரு பையனின் பயணத் திட்டத்தைச் சரிபார்த்தேன். எக்டிஸில் அவன் கோடு அந்த வட்டத்தின் மேலேயே நேராக ஏறிப் போனது.

"சார், அங்கதான் ஒண்ணுமே இல்லையே" என்றான்.

"தெரியும். இருபது மைல் தள்ளிப் போடு" என்றேன்.