மாணவர்கள் மன அழுத்தத்தைச் சமாளிப்பதை ஆய்வு செய்யப் போகிறீர்களா?

உளவியல் ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்தவர்கள் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு, உளவியலாளர் கோஹன் குழுவினர் 1983இல் வெளியிட்ட பிஎஸ்எஸ் (Perceived Stress Scale) இருக்கிறது; ஒருவர் எவ்வளவு அழுத்தத்தை உணர்கிறார் என்று அளக்கும் வினாத்தாள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் கேட்கும். அதன் 10 கேள்வி வடிவத்தில் 4, 5, 7, 8 ஆகியவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும்.

சமாளிப்புக்கு நான் எடுத்தது உளவியலாளர் கார்வர் 1997இல் சுருக்கித் தந்த பிரீஃப் கோப் (Brief COPE) வினாத்தாள். 28 வாக்கியங்கள், 14 வழிமுறைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம். எல்லாவற்றையும் கூட்டி ‘சமாளிப்புத் திறன்’ என்று ஒரே எண்ணாக எழுதிவிட ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். உட்கார்ந்து திட்டம் போட்டுப் படிக்கிற மாணவிக்கும், ‘எல்லாம் என் தப்பு’ என்று தன்னையே திட்டிக்கொண்டு முயற்சியைக் கைவிட்ட மாணவிக்கும் அதே மொத்தம் வரலாம். கார்வரே மொத்த மதிப்பெண் கிடையாது என்றுதான் சொல்கிறார். பதினான்கையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வைவாவில் என்னிடம் கேட்டது: “இதில் எது நல்ல வழி?” மன அழுத்தத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் சொன்னதைத்தான் பதிலாகச் சொன்னேன்: சூழ்நிலையை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. தேர்வுக்கு முன்னால் திட்டமிடுவது உதவும். எழுதி முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவருக்குத் திட்டமிட என்ன இருக்கிறது? அங்கே ஏற்றுக்கொள்வதுதான் கைகொடுக்கும். அதனால் எந்த நெருக்கடியை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம், பிரீஃப் கோப்பில் மது, போதைப்பொருள் பற்றி இரண்டு வாக்கியங்கள் வரும். பக்கத்தில் நண்பன் எட்டிப் பார்க்கும் பெஞ்சில் யார் உண்மையை டிக் செய்வார்கள்? இடைவெளி விட்டு உட்காரவையுங்கள், பெயர் கேட்காதீர்கள், மூடிய உறையில் வாங்குங்கள். பெயரில்லாத தாளில் ஒருவர் படும் பாடு தெரிந்தாலும் அவரைத் தேடிப் போக முடியாது. ஆகவே கல்லூரி ஆலோசகரைப் பார்க்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் தனிச் சீட்டில் அச்சிட்டு, எல்லோருக்கும் கொடுத்தனுப்புங்கள்.