சிட்னியில் ஒரு கிளர்ச்சியின் தடம்

சிட்னியின் வின்யார்ட் ரயில் நிலையத்திலிருந்து பிரிட்ஜ் தெருவின் மேட்டுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். 1808 ஜனவரி 26 அன்று மாலை, வின்யார்ட் பகுதியிலிருந்த பாசறையிலிருந்து, அன்று பிரிட்டிஷ் கைதிக் குடியேற்றமாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் படைப்பிரிவு வீரர்கள் சுமார் 400 பேர் மேளதாளத்துடன் அணிவகுத்துச் சென்று, தங்கள் ஆளுநர் வில்லியம் பிளையைச் சிறைப்பிடித்தார்கள். ஆஸ்திரேலிய வரலாற்றில் ஆயுத பலத்தால் அரசு கவிழ்க்கப்பட்டது அந்த ஒருமுறைதான்.

ஆளுநர் மாளிகை இன்று இல்லை. அந்த இடத்தில் சிட்னி அருங்காட்சியகம் நிற்கிறது. கண்ணாடிக்கு அடியில், விளக்கொளியில், 1788இல் போட்ட அடித்தளத்தின் கல்லும் செங்கல்லும் தெரிகின்றன. விளிம்பு மழுங்கிய அச்செங்கற்களைக் குனிந்து பார்த்தபோது எனக்கு மேரி பட்லண்டின் நினைவே வந்தது. கணவரை இழந்து மூன்று வாரங்கள்தான் ஆகியிருந்த நிலையில், ஆளுநரின் அந்த மகள் கையிலிருந்த குடையோடு வாசலில் நின்று படையை மறித்தார். உள்ளே புகுந்தவர்கள் நெடுநேரம் தேடித்தான் பிளையைக் கண்டுபிடித்தார்கள். அவர் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்ததாகச் சித்திரம் வரைந்து கோழை என்று காட்டினார்கள். காகிதங்களை மறைத்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். கடற்போர்கள் பல கண்ட அவரைக் கோழை என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை.

'ரம் கிளர்ச்சி' என்ற பெயர் பிற்காலத்தில் வந்தது. காசுத் தட்டுப்பாடு நிலவிய அந்தக் குடியேற்றத்தில் சாராயமே கூலியாகவும் விலையாகவும் புழங்கியது. அந்தப் பண்டமாற்றை 1807இல் பிளை தடைசெய்தார் என்பது உண்மையே. ஆயினும் மூல காரணம் அதிகாரப் போட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னாள் அதிகாரியும் பெரும் பண்ணையாருமான ஜான் மக்கார்தர் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நீதிபதியாக அமர்ந்த ரிச்சர்ட் அட்கின்ஸைத் தமக்குப் பகைவர் என்று சொல்லி ஏற்க மறுத்தார். உடன் அமர்ந்த ஆறு படை அதிகாரிகளும் மக்கார்தர் பக்கமே நின்றார்கள். அது ராஜத்துரோகம் என்று பிளை எச்சரிக்க, படைப்பிரிவின் தலைவர் மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் சிறையிலிருந்த மக்கார்தரை விடுவித்துவிட்டுப் படையைக் கிளப்பினார். பிளை கடுஞ்சொல்லர், பிடிவாதக்காரர். ஆனால் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையின் சிறு விவசாயிகளில் பலர் அவரையே ஆதரித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மறுநாள் நகரின் வடமேற்கே ரவுஸ் ஹில் பகுதிக்குச் சென்றேன். காசில்புரூக் இடுகாட்டு வளாகத்தில், 1804 மார்ச்சில் விடுதலை கேட்டு எழுந்த கைதிகளுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, தலைவர் பிலிப் கன்னிங்ஹாமைத் துப்பாக்கி முனையில் பிடித்தவர் இதே ஜான்ஸ்டன். கன்னிங்ஹாம் விசாரணையே இல்லாமல் தூக்கிலிடப்பட்டார். பின்னர் மேலும் சிலர் தூக்கு மேடை ஏறினார்கள்.

நான்கே ஆண்டுகளில் தாமே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஜான்ஸ்டனை 1811இல் இங்கிலாந்தின் ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டது. தண்டனை பதவி நீக்கம் மட்டுமே. அவர் சிட்னிக்குத் திரும்பி, ஆனண்டேலில் இருந்த தம் பண்ணையில் 1823 வரை வாழ்ந்தார். அந்த நினைவுச் சின்னத்தின் முன் நின்றபோது இந்த வேறுபாடு என்னை வெகுநேரம் வாட்டியது.