புகை ஏறிய வீடும் இரண்டு கோட் பெயிண்டும்

கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டை ஒருவழியாகக் குடியிருக்கும்படி ஆக்கிவிட்டோம். நாட்டு ஓடு போட்ட, முற்றம் வைத்த பழைய வீடு. வாடகைக்கு இருந்தவர்கள் பல வருஷம் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி முறுக்கும் அதிரசமும் போட்டு விற்றார்கள். அவர்கள் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. குப்பை அள்ளியது, எலிப்பொந்து அடைத்தது, உடைந்த ஓடு மாற்றியது எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது புகை நாற்றம்தான்.

முதலில் வந்த பெயிண்டிங் காண்ட்ராக்டரிடம், சுவரைக் கழுவிவிட்டு அடியுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "கழுவுறதெல்லாம் வேண்டாம்மா, ரெண்டு கோட் அடிச்சா அமுங்கிடும்" என்றார். நாங்கள் ஊரில் இல்லாதபோது எமல்ஷன் என்கிற தண்ணீர் பெயிண்டை அடித்து முடித்து, என் கணவரிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். ஐப்பசி மழை பிடித்ததும் சமையலறைச் சுவரெங்கும் பழுப்புத் திட்டுகள். கதவைத் திறந்தால் பழைய எண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. போன் செய்தால், "அது ஓதம்மா" என்று வைத்துவிட்டார். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. சுவரில் ஈரம் ஏறுகிற ஓதம் ஒன்றும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்த கரி, தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்டில் ஊறி மேலே வந்துவிடும். ஈரக்காற்று பட்டால் நாற்றமும் கிளம்பும்.

அடுத்து வந்த க்ளீனிங் ஆட்கள் எலுமிச்சை வாசனையைத் தெளித்துவிட்டுப் போனார்கள். அது பறந்ததும் புகை திரும்பி வந்தது. சாம்பிராணியும் அப்படித்தான், புகைமேல் இன்னொரு புகை.

அப்புறம் நானே சித்தாள் வைத்து இறங்கினேன். முதலில் உலர்ந்த கரியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டால் கரி குழைந்து சுவருக்குள் ஏறிவிடும். பிறகு சுடுதண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து, கையுறை போட்டு, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்தால் பளிச்சென்று ஆகும் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சை அடைத்துவிடும்.

சிமெண்ட் பூசிய சமையலறைச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கறை மேலே வராமல் இருக்க ஆயில் பிரைமர் அடித்து, அதன்மேல்தான் பெயிண்ட். மற்ற அறைகள் சுண்ணாம்புச் சுவர். அதில் ஆயில் பிரைமர் போட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். அதனால் எமல்ஷனோடு பழைய வெள்ளைப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தோம்.

ஓட்டைத் தாங்குகிற கைமரமும் ரீப்பரும்தான் பெரும்பாடு. எத்தனை துடைத்தும் மரத்திலிருந்து வாடை வந்துகொண்டே இருந்தது. எங்கள் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "அரக்கு பாலிஷ் போடுங்கம்மா, வாடையை உள்ளேயே கட்டிடும்" என்றார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு அது. சோடா துணியால் துடைத்து, காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்ட பிறகு பூசினார். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அடுப்பு, விளக்கு எதுவும் ஏற்றாமல் ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தோம். அந்த மனிதரை முதலிலேயே கூப்பிட்டிருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளைத் துவைத்துப் பார்க்கும் யோசனையே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சுவிட்ச் பெட்டிகளைக் கட்டாயம் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் உள்ளே பிசுக்கோடு கரி அப்பியிருந்தது. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் சுத்தம் செய்த பிறகுதான் கூடத்து மூலையில் மிச்சமிருந்த வாடை போனது.

பெயிண்டருக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், மழை நாளாகப் பார்த்து ராத்திரி முழுக்க வீட்டைச் சாத்தி வையுங்கள். காலையில் நீங்களே போய்த் திறந்து பாருங்கள். இரண்டாவதாக வந்த பெயிண்டருக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். திறந்தபோது சுண்ணாம்பு வாசனை மட்டும்தான் வந்தது.